எழுபது கொண்டை ஊசியும் ஒரு 'டிங்'கும்

மச்சினன் புதுக் கார் வாங்கினால் அத்தானுக்கு இரண்டு கஷ்டங்கள். ஒன்று, "நீங்க எப்ப வாங்கப் போறீங்க?" என்று வீட்டில் ஆரம்பிக்கும் விசாரணைக் கமிஷன். இரண்டு, அந்தக் காரின் பெருமைகளை உட்கார்ந்து கேட்க வேண்டிய கட்டாயம்.

2025 பொங்கல் லீவில் இரண்டாவது கஷ்டம் கொல்லிமலை வரைக்கும் நீண்டது.

"அத்தான், இது வெறும் கார் இல்ல. இதுக்குக் கண் இருக்கு, மூளை இருக்கு. நாம சும்மா உட்கார்ந்தா போதும்" என்றான் மச்சினன். சிறுசேரியில் சாஃப்ட்வேர் வேலை. அவன் பேசினால் பாதி புரியாது, மீதி புரிந்த மாதிரி தலையாட்ட வேண்டும்.

விடியற்காலை ஐந்து மணிக்குத் தாம்பரத்தில் கிளம்பினோம். நான், என் மனைவி, எட்டு வயது மகள், மச்சினன், மாமனார். மாமனார் அரசு பஸ்ஸில் முப்பத்தொரு வருடம் டிரைவர். ஓய்வு பெற்றும் பின் சீட்டில் உட்கார்ந்தால் அவர் வலது கால் தானாக ஒரு பிரேக்கைத் தேடும்.

கிளம்பின அடுத்த நிமிடமே கார் அழ ஆரம்பித்தது. 'முன்பக்க ரேடார் மறைக்கப்பட்டுள்ளது' என்று திரையில் மஞ்சள் எழுத்து. மச்சினன் பதறிப் போய் இறங்கினான். விஷயம் வேறொன்றுமில்லை. மாமியார் முந்தின நாள் மாட்டுப் பொங்கலோடு காருக்கும் சேர்த்துப் பொங்கல் வைத்திருக்கிறார். முன்னால் ரேடார் இருக்கும் இடத்தில் கனமாகச் சந்தனம், அதற்கு மேல் சாமந்தி மாலை. கண்ணாடியில் பின்னோக்கும் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கேமராவை மறைத்தபடி ஒரு முருகர் ஸ்டிக்கர்.

"முருகன் காப்பாத்துவார்னு ஒட்டினா, காப்பாத்துற மிஷினோட கண்ணையே மறைச்சுட்டாங்க!" என்று சிரித்தான் மச்சினன். மாலையைக் கழற்றி, சந்தனத்தைத் துடைத்து, முருகரை மரியாதையாக டாஷ்போர்டுக்கு இடம் மாற்றினோம். மஞ்சள் எழுத்து மறைந்தது. அன்றைக்கு நான் கற்ற முதல் பாடம்: அந்தக் கண்ணைத் துடைத்து வைப்பது நம் வேலை. சேறு, தூசி, மழை, பனி எது மூடினாலும் அதற்குப் பார்வை போய்விடும்.

செங்கல்பட்டு தாண்டியதும் மச்சினன் வித்தை காட்ட ஆரம்பித்தான். ஸ்டியரிங்கில் ஒரு பட்டனை அமுக்கினான். கார் தானாக 90-ல் ஓடியது. முன்னால் ஒரு வேன் மெதுவாகப் போனால் இதுவும் மெதுவாகும். வேன் விலகினால் மறுபடி 90. ரோட்டில் போட்ட வெள்ளைக் கோட்டைக் கேமரா பார்த்து, கோட்டைத் தாண்டப் போனால் ஸ்டியரிங்கை மெல்லத் திருப்பி உள்ளே கொண்டு வரும். பக்கவாட்டில், நம் கண்ணாடிக்குத் தெரியாத மூலையில் வண்டி வந்தால் விளக்கு எரியும். எதிலாவது மோதப் போனால் தானே பிரேக் போடும்.

"பார்த்தீங்களா மாமா!" என்றேன் மாமனாரிடம்.

"பாத்தேன். கண்டக்டர்" என்றார்.

"என்னது?"

"நல்ல கண்டக்டர் மாதிரி இருக்கு. லெஃப்ட்ல சைக்கிள் வருதுன்னு தட்டுவான். ரிவர்ஸ்ல வரலாம் வரலாம்பான். ஆபத்துன்னா விசில் அடிப்பான். ஆனா ஸ்டியரிங் டிரைவர்கிட்டதான். கண்டக்டரை நம்பி டிரைவர் தூங்க முடியுமா?"

மச்சினன் விடவில்லை. இந்த வசதிகளுக்கு உலகம் முழுக்கப் படி வைத்திருக்கிறார்கள், பூஜ்யம் முதல் ஐந்து வரை என்று விளக்கினான். நம் கார் இரண்டாம் படி. வேகத்தையும் ஸ்டியரிங்கையும் சேர்த்து உதவும். ஆனால் ரோட்டைப் பார்ப்பதும் பொறுப்பும் முழுக்க டிரைவருடையது. இதைச் சொல்லும்போது மட்டும் அவன் குரல் கொஞ்சம் இறங்கிப் போனது.

"இந்தக் குரூஸ் கன்ட்ரோலைக் கண்டுபிடிச்சவர் யார் தெரியுமா அத்தான்? ரால்ஃப் டீட்டர்னு ஒரு அமெரிக்கர். அஞ்சு வயசுலயே கண் பார்வை போனவர். 1950-ல பேடன்ட் வாங்கினார். 1958-ல கிறைஸ்லர் கார்ல வந்துச்சு."

நான் அசந்து போனேன். மாமனார் சொன்னார்: "கண் தெரியாத மனுஷன் ரோட்டைப் பத்தி அவ்வளவு யோசிச்சிருக்காரு. கண் இருக்கிறவங்க யோசிச்சாப் போதும்."

விக்கிரவாண்டியில் இட்லி, வடை, காபி. அதன் பிறகு "அத்தான், நீங்க ஓட்டிப் பாருங்க" என்று சாவியை நீட்டினான். சார், அந்த நிமிடம் எனக்கு ஏதோ விமானமே ஓட்டக் கொடுத்த மாதிரி இருந்தது. என் பழைய காரில் பவர் விண்டோ என்றால் மனைவியின் பலம்தான்!

விழுப்புரம், உளுந்தூர்பேட்டை. அங்கே திருச்சி ரோட்டை விட்டு சேலம் ரோட்டில் திரும்பினோம். இருபுறமும் கரும்பும் மரவள்ளியும். இந்த ரோட்டில் ஊர்களைச் சுற்றிப் போகும் பைபாஸ் பகுதிகள் பல வருடம் இருவழியாகவே கிடந்து, விபத்துக்குப் பேர் வாங்கியவை. மாமனார் ஒவ்வொரு வளைவிலும் ஒரு பழைய கதை வைத்திருந்தார். நான் பட்டனை அமுக்கி 90-ல் வைத்தேன். கள்ளக்குறிச்சி தாண்டி நாலுவழி ரோடு. முன்னால் ஒரு லாரி. அதன் பின்னால் கார் தானாக 80-க்கு இறங்கி, அளவெடுத்த மாதிரி இடைவெளி விட்டுப் போனது. என் காலுக்கு வேலையில்லை. கை சும்மா ஸ்டியரிங்கைத் தொட்டுக் கொண்டிருந்தது. மனசு எங்கேயோ போய்விட்டது.

'டிங்!'

ஆபீஸ் குரூப்பில் மேனேஜர். லீவில் இருக்கும்போது மேனேஜரிடமிருந்து வரும் 'டிங்' எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 'அந்த டிசம்பர் ஸ்டேட்மென்ட்...' என்று ஆரம்பித்தது. மீதியைப் படிக்கப் போனை எடுத்தேன். கார்தான் பார்த்துக் கொள்கிறதே! ஒரே ஒரு பார்வை. இரண்டு விநாடி இருக்குமா?

"பிரேக்!"

முப்பத்தொரு வருடக் குரல். நிமிர்ந்தேன். முன்னால் லாரி இல்லை. அது சடாரென்று வலது பக்கம் ஒதுங்கிப் போய்விட்டது. அது மறைத்திருந்த இடத்தில், எங்கள் லேனிலேயே, கரும்பு ஏற்றிய டிராக்டர் டிரெய்லர் நின்றுகொண்டிருந்தது. பின்விளக்கு தெரியவில்லை. தோகை தரை வரை தொங்குகிறது. நம் அறிவாளிக் காரோ, 'ஆஹா, லாரி போய்விட்டது, ரோடு காலி' என்று 90-ஐ நோக்கி வேகம் எடுக்க ஆரம்பித்திருந்தது!

மிதித்தேன். திரை சிவப்பாகி அலறியது. பெடல் காலுக்கடியில் கடகடவென்று உதறியது. டயர் கதறி, கார் நின்றபோது கரும்புத் தோகை பானெட்டை வருடிக் கொண்டிருந்தது.

நிறுத்தியது நானா, காரா? இன்று வரை எனக்குத் தெரியாது. பாதி நான், பாதி அது என்று வைத்துக் கொள்கிறேன். ஆனால் அந்தக் குரல் இல்லாவிட்டால் என் பாதி இருந்திருக்காது.

சில விநாடி யாரும் பேசவில்லை. பிறகு என் மகள் மெல்ல, "அப்பா, அங்க ஒரு அண்ணன்" என்றாள்.

டிரெய்லரின் சக்கரத்துக்குப் பக்கத்தில், குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு பையன் பஞ்சர் டயரைக் கழற்றிக் கொண்டிருந்தான். இருபது வயது இருக்கும். எங்களைத் திரும்பிப் பார்த்து எழுந்து நின்றான். கையில் ஸ்பேனர். எனக்குக் கால் நடுங்கியது. இறங்கக்கூட முடியவில்லை.

காரை ஓரம் கட்டி, நாலு பக்க விளக்கையும் எரியவிட்டோம். மாமனார் இறங்கிப் பின்னால் நடந்தார். ரோட்டோரம் கிடந்த ஒரு வேப்பங்கிளையை எடுத்து இன்னும் ஐம்பது அடி தள்ளி, நன்றாகத் தெரியும்படி போட்டுவிட்டு வந்தார்.

"இது முன்னாடியே கிடந்தது மாப்பிள்ளை. வண்டி நின்னா பின்னாடி கிளையை ஒடிச்சுப் போடுறது நம்ம ஊரு வழக்கம். நான் பாத்தேன். அதனாலதான் கத்தினேன். உங்க காருக்கு வேப்பங்கிளை என்னன்னு தெரியாது. உங்களுக்குத் தெரியும். ஆனா நீங்க போனைப் பாத்துட்டு இருந்தீங்க."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. அமைதியாகச் சொன்னதுதான் சுருக்கென்றது.

மச்சினன் வாய் திறக்காமல் கணக்குப் போட்டான். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு 22 மீட்டர். இரண்டு விநாடிக்கு 44. "ஏறக்குறைய நாலு பஸ் நீளம் அத்தான். கண்ணை மூடிக்கிட்டு."

கிளம்பும்போது அந்தப் பையன் ஓடி வந்து, ஒரு முழுக் கரும்பை ஜன்னல் வழியாக என் மகளிடம் நீட்டினான். "பொங்கலுக்கு வச்சுக்க பாப்பா." அவனுக்கு என்ன நடந்திருக்கும் என்று தெரியவில்லையா, தெரிந்தும் கொடுத்தானா? என் மகள் அதை மடியில் வைத்துக் கொண்டு வந்தாள். எனக்கு அந்தக் கரும்பைப் பார்க்கவே முடியவில்லை.

ஆத்தூரில் திரும்பி, மல்லியகரை, ராசிபுரம், பேளுக்குறிச்சி வழியாகக் காரவள்ளி. அங்கேதான் கொல்லிமலை அடிவாரம். எழுபது கொண்டை ஊசி வளைவுகள்! ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்ட பலகை. மச்சினன்தான் ஓட்டினான். குரூஸ் பட்டனைத் தானாகவே அணைத்தான். கோடு பார்க்கும் வசதியையும் அணைத்தான். வளைவில் அது கோட்டைத் தேடித் தடுமாறும், ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டும். மோதப் போனால் பிரேக் போடுகிற வசதியை மட்டும் விட்டு வைத்தான். "அது இருக்கட்டும் அத்தான், தப்புச் செஞ்சா காப்பாத்தப் பார்க்கும். தப்புச் செய்ய லைசென்ஸ் இல்ல."

மாமனார் பின்னாலிருந்து: "செகண்ட் கியர்... ஹாரன்... மேலே ஏறுற வண்டிக்கு வழி விடணும். இறங்கும்போது பிரேக்கையே மிதிச்சுக்கிட்டு வராதே, கியர்ல இறக்கு." இருபதாவது வளைவில் குளிர்ந்தது. நாற்பதில் காதடைத்தது. எழுபதில் மனைவி கண்ணைத் திறந்தாள்.

செம்மேட்டில் வல்வில் ஓரி சிலை. கடையெழு வள்ளல்களில் ஒருவன். ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி என்று துளைத்துக் கடைசியில் உடும்பில் போய்த் தைத்ததாம். மகளுக்குக் கதை சொன்னேன். "அம்பு விடும்போது அவர் போன் பார்க்கலையாப்பா?" என்றாள். சத்தியமாக, இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை!

மறுநாள் அறப்பளீஸ்வரர் கோயில், அப்புறம் ஆகாய கங்கை. ஆயிரத்துக்கு மேல் படி இறங்கினால், சுமார் முந்நூறு அடி உயரத்திலிருந்து விழுகிறது தண்ணீர். சாரலில் நின்றபோதுதான் உடம்பு லேசானது. திரும்பி ஏறும்போது முழங்கால் சொன்னதை இங்கே எழுத முடியாது.

அன்று இரவு லாட்ஜில், காரின் கையேட்டைப் படித்தேன். நம்மில் யாராவது அதைப் படித்திருக்கிறோமா? எல்லாமே இருந்தது. நின்றிருக்கும் வாகனத்தை இது கண்டுகொள்ளாமல் போகலாம். முன்னால் போகும் வண்டி விலகினால் வேகம் எடுக்கும். மழை, பனி, எதிர்வெயிலில் நம்ப வேண்டாம். கை ஸ்டியரிங்கிலேயே இருக்க வேண்டும். மச்சினன் தன் பங்குக்கு ஒன்று சொன்னான். 2016 மே மாதம், அமெரிக்காவில் ஃப்ளோரிடா. இதே மாதிரி வசதியை ஓடவிட்டுப் போன கார், குறுக்கே வந்த டிரக்கில் மோதி, ஓட்டியவர் இறந்து போனார். அரசாங்க விசாரணையில் தெரிந்தது: அந்த வசதி ஓடிய 37 நிமிடத்தில் ஸ்டியரிங்கில் கை இருந்தது வெறும் 25 விநாடி.

"ஸ்டியரிங்ல தண்ணி பாட்டிலைக் கட்டி, கை இருக்கிற மாதிரி காரை ஏமாத்துறாங்க அத்தான். நானும் ஒரு தடவை..." என்று நிறுத்தினான். மாமனார் தூங்குகிறாரா என்று இருவரும் திரும்பிப் பார்த்தோம். தூங்கவில்லை. எதுவும் சொல்லவுமில்லை.

காலையில் சிக்னல் கிடைத்ததும் மேனேஜருக்குப் போன் போட்டேன். "அட, லீவுலயா இருக்கீங்க? ஒண்ணும் அவசரமில்லை. திங்கட்கிழமை பாத்துக்கலாம்" என்றார்.

திங்கட்கிழமை பார்த்துக் கொள்ளக் கூடிய ஸ்டேட்மென்டுக்காக!

திரும்பும்போது பாதி தூரம் நான்தான் ஓட்டினேன். போன் மகளின் பையில். பட்டனை அமுக்கினேன், இல்லை என்று சொல்லவில்லை. வெளிச்சம் இருந்தது, கோடு தெளிவாக இருந்தது. ஆனால் கை ஸ்டியரிங்கில், கண் ரோட்டில், கால் பிரேக்குக்குப் பக்கத்தில். ஊர் வந்ததும் அணைத்தேன். கரும்பு லோடு தெரிந்தாலே அணைத்தேன்.

தாம்பரம் வீட்டு வாசல். பார்க்கிங்கில் ரிவர்ஸ் எடுத்தபோது திரையில் பின்பக்கக் கேமரா பளிச்சென்று எல்லாவற்றையும் காட்டியது. இருந்தாலும் மாமனார் இறங்கிப் பின்னால் போய் நின்று, காரின் பக்கவாட்டில் தட்டினார்.

"வரலாம்... வரலாம்... ரைட்!"

திரையைப் பார்த்தேன். கண்ணாடியிலும் பார்த்தேன். அப்புறம் தலையை வெளியே நீட்டி அவரையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டேன்.