வழியைத் தின்று நகரும் கூட்டம்

இருட்டறை. மைக்ரோஸ்கோப்போடு இணைந்த திரையில் பச்சை ஒளி. ஒரு நாள் வயதான ஸீப்ரா மீன் கரு அசையாமல் கிடக்கிறது. காதுக்குப் பின்னாலிருந்து கிளம்பிய நூற்றுச் சொச்சம் செல்கள், ஒரே திரளாக, தோலுக்கடியில் வாலை நோக்கிப் போய்க்கொண்டிருக்கின்றன. படத்தை வேகமாக ஓட்டினால்தான் நகர்வு தெரியும். ஒரு மணி நேரத்தில் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூடத் தாண்டாத நடை அது.

முன்வரிசைச் செல்கள் மெல்லிய விரல்களை நீட்டித் துழாவுகின்றன. பின்னால் வருபவை நடுவை நோக்கிக் குவிந்து வட்ட வட்டமாகக் கூடுகின்றன. கடைசி வட்டம் வேகம் குறைந்து, திரளிலிருந்து கழன்று, அங்கேயே தங்கிவிடுகிறது. நீரின் அசைவை நாளை மீனுக்கு உணர்த்தப்போகும் உறுப்பு அது.

திரள் போகும் தடம் நெடுக, செல்களை ஈர்க்கும் கீமோகைன் வகைப் புரதம் ஒன்று சுரக்கிறது. வால் பக்கம் கூடுதல், தலைப் பக்கம் குறைவு என்றிருந்தால் திசை தெரிந்துவிடும். ஆனால் எங்கும் அநேகமாக ஒரே அளவுதான். 2006இல், ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில், ஹாஸ், கில்மர் என்ற ஆய்வாளர்கள் ஒன்றைக் கண்டார்கள். தடம் பாதியில் அறுந்த கருக்களில், அந்த இடம் வரை போன திரள் அப்படியே திரும்பி, வந்த வழியே தலையை நோக்கி நடந்தது! அப்படியானால் திசை தடத்தில் இல்லை.

2011இல் அதே ஊரிலிருந்து ஒரு கணித மாதிரி வந்தது. புரதம் எங்கும் ஒரே வீதத்தில் சுரக்கிறது, பரவுகிறது, அழிகிறது. திரளோ தன்னைத் தொடும் புரதத்தை உறிஞ்சுகிறது. அவ்வளவுதான் கணக்கு. திரள் ஒருமுறை நகர்ந்துவிட்டால் அதன் முன்முனை புதுப் புரதத்தில் நிற்கும். பின்முனை, முன்னால் போனவை உறிஞ்சித் தீர்த்த இடத்தில். முன்னுக்கும் பின்னுக்கும் ஏற்றத்தாழ்வு பிறந்துவிடுகிறது. திரள் போகும் இடமெல்லாம் அதுவும் கூடவே போகிறது. இத்தனை சின்னக் கணக்குக்குள் இத்தனை பெரிய காரியம் அடங்குவதைப் பார்க்க நெஞ்சு நிறைகிறது.

2013இல் ஹைடல்பெர்க்கிலும் நியூயார்க்கிலும் அந்த ஏற்றத்தாழ்வைக் கருவுக்குள்ளேயே அளந்தார்கள். புரதத்தை விழுங்கி அழிப்பவை பின்வரிசைச் செல்கள். அதற்கென்றே அவற்றிடம் தனி ஏற்பி ஒன்று உண்டு. அந்த ஏற்பி இல்லாத கருக்களில், முன்வரிசை முழுதாக இருந்தும், திரள் நடுவழியில் திணறி நின்றுவிட்டது.