எண் இல்லாத பன்றி

மைன்கிராஃப்ட் விளையாடிய எவருக்கும் இது தெரிந்திருக்கும். அந்த உலகத்தில் எந்தப் புல்வெளிக்குப் போனாலும் நிற்பது ஒரே பன்றிதான். அதே ரோஸ் நிறம், அதே மூக்கு, அதே கண். நூறு பன்றி நின்றால் நூறும் ஒன்றின் நகல். செம்மறிக்கும் குதிரைக்கும் சில நிறங்கள் உண்டு. பன்றிக்கும் மாட்டுக்கும் கோழிக்கும் பல ஆண்டுகள் அதுகூட இல்லை. விளையாடுகிற ஆள் மட்டும் தனக்குப் பிடித்த முகத்தையும் உடையையும் போட்டுக்கொண்டு தனி ஆளாகத் திரியலாம்.

இதில் சலித்துப்போன சிலர் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மாப் என்பது அந்த ஆட்டத்தில் உயிரினங்களுக்கு உள்ள பொதுப்பெயர். எம்சிபேட்சர் என்ற மோடில் 'ரேண்டம் மாப்ஸ்' என்று ஒரு வசதி வந்தது. பிறகு ஆப்டிஃபைன் என்ற மோடிலும் அது சேர்ந்தது. வேலை எளிது. 1.16 பதிப்பில் பன்றியின் தோல் என்பது 64 பிக்சல் அகலமும் 32 பிக்சல் உயரமும் உள்ள ஒரே ஒரு படம். அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தரையில் விரித்தது போல முகம், முதுகு, வயிறு, கால் எல்லாம் அதில் தனித்தனிக் கட்டமாக இருக்கும். அதேபோல இன்னொரு படம் வரைந்து, பெயருக்குப் பின்னால் 2 என்று எண் போட்டு, ரிசோர்ஸ் பேக்கில் உரிய ஃபோல்டரில் வைத்துவிட்டால் போதும். அடுத்தது வரைந்தால் 3. ஒவ்வொரு உயிரினத்துக்கும் ஆட்டம் ஓர் அடையாள எண் தருகிறது. அந்த எண்ணை வைத்துத்தான் யாருக்கு எந்தத் தோல் என்று மோட் முடிவு செய்கிறது. அதனால் இன்று புள்ளிப் பன்றியாக நின்றது நாளைக்கு வந்து பார்த்தாலும் புள்ளிப் பன்றியாகவே நிற்கும்.

விளையாட்டைப் பற்றி இங்கே ஏன் எழுதுகிறீர்கள் என்று தோழர்கள் கேட்கலாம். முதுகலைச் சமூகவியலில் இரண்டு ஆண்டு படித்த சில விஷயங்களை, எங்கள் மாலை வகுப்புப் பிள்ளைகள் இந்த மோடை வைத்து இரண்டே வாரத்தில் எங்கள் கண்முன் செய்து காட்டினார்கள். அதனால்தான்.

வகுப்பில் இரண்டு லேப்டாப் இருக்கின்றன. 2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், இதே தெருவில் முன்பு பன்னிரண்டாம் வகுப்பு படித்த அண்ணன் அக்காக்களுக்குக் கிடைத்தவை. பழைய கருவிகள், ஆட்டம் அவற்றில் திணறும். ஆப்டிஃபைனைப் போட்டதே வேகத்துக்காகத்தான். உலகம் முழுக்கப் பலரும் அதற்காகவே போடுகிறார்கள். உயிரினங்களின் தோற்றத்தை மாற்றலாம் என்பது கூடவே வந்த வசதி.

முதல் நாளே ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி திரையைப் பார்த்துக் கேட்டாள்: "அக்கா, இது என்ன, தோல் உரிச்ச பன்னி மாதிரி இருக்கு? பன்னி கருப்பாதான இருக்கும்?"

அவள் வீட்டில் பன்றி வளர்க்கிறார்கள். வகுப்புக்கு வரும் இன்னும் சில பிள்ளைகள் வீட்டிலும் உண்டு. பள்ளிக்கூடத்தில் அதற்காகவே அவர்களுக்குப் பட்டப்பெயரும் உண்டு. 'ஃபன்ட்ரி' (2013) படத்தில் நாகராஜ் மஞ்சுளேயும், 'மாமன்னன்' (2023) படத்தில் மாரி செல்வராஜும் பன்றியைத் திரையின் நடுவே கொண்டுவந்து நிறுத்தியது ஏன் என்று நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பிள்ளையின் கேள்வியில் அவமானம் எதுவும் இல்லை. ஆட்டத்தைச் செய்தவர்களுக்குப் பன்றி தெரியவில்லை என்பதுதான் அவள் குறை.

வரைய ஆரம்பித்தார்கள். ஒருவன் முழுக் கருப்பு. ஒருத்தி கருப்பில் வயிற்றுப் பக்கம் மட்டும் சேறு. ஒருத்தி நெற்றியில் வெள்ளைத் திட்டு. "எங்க பன்னிக்குக் காதுல வெட்டு இருக்கும், அத வெச்சுத்தான் எங்களுதுன்னு கண்டுபிடிப்போம்" என்று ஒருவன் காதைத் தேடினான். அந்த ஆட்டத்துப் பன்றிக்குக் காதே கிடையாது. தோலின் நிறத்தை மாற்றலாம், இல்லாத உறுப்பை இந்தப் படத்தில் வரைய முடியாது. அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, காது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிவப்புக் கோடு போட்டுக்கொண்டான்.

அந்தப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. கிட்டப் போய்ச் சோறு போட்டவனுக்கு ஒவ்வொரு பன்றியும் தனிப் பன்றி. தூரத்தில் இருப்பவனுக்குத்தான் எல்லாம் ஒன்று. "அவங்க எல்லாரும் ஒரே மாதிரிதான்" என்ற பேச்சை நாம் எங்கெல்லாம் கேட்டிருக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். பேசுகிறவர் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்பதைத்தான் அந்தப் பேச்சு காட்டுகிறது.

படங்களுக்குப் பெயர் வைக்கும் நேரம் வந்தது. இங்கேதான் விஷயம் சூடு பிடித்தது. அந்த மோடின் விதிப்படி, ஆட்டத்தோடு வந்த ரோஸ் பன்றியின் படத்துக்கு எண் கிடையாது. வெறும் 'பிக்', அவ்வளவுதான். விதி ஃபைலில் அதைக் குறிக்க வேண்டுமென்றால் 1 என்று எழுத வேண்டும், ஆனால் அதன் பெயரில் அந்த 1 ஒருபோதும் வராது. நாம் வரைந்து சேர்ப்பவைதான் பிக்2, பிக்3, பிக்4. எத்தனைக்கு எத்தனை என்று விகிதமும் போடலாம். எதுவும் போடாவிட்டால் எல்லாவற்றுக்கும் சம வாய்ப்பு.

கருப்புப் பன்றியின் படத்துக்கு 2 என்று போட்டதும் அந்தப் பிள்ளை நிறுத்தினாள். "கருப்பு எதுக்குக்கா ரெண்டாவது?"

எண் இல்லாமல் இருப்பதுதான் அதிகாரம் என்று சமூகவியலில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். பெயர் சொல்லத் தேவையில்லாதது எதுவோ அதுதான் 'இயல்பு' ஆகிவிடுகிறது. மற்றவை எல்லாம் அதிலிருந்து விலகிய வகைகள். நம் ஊரில் 'பொது' என்ற சொல் எப்படிப் புழங்குகிறது என்று பாருங்கள். பொதுத் தெரு, பொதுப் பாதை, பொதுச் சுடுகாடு. யாருடையது என்று சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும். காலனி, காலனி சுடுகாடு என்று அடைமொழி வாங்கிக்கொள்வது நாம்தான்.

பிள்ளைகள் கண்டுபிடித்த தீர்வு நேரானது. ரிசோர்ஸ் பேக்கில் எண் இல்லாத பெயரிலேயே ஒரு படத்தை வைத்தால், ஆட்டத்தோடு வந்த மூலப் படத்தை அது மறைத்துவிடும். கருப்புப் பன்றியை எண் இல்லாமல் வைத்தார்கள். ரோஸ் பன்றியை வெட்டி எறியவில்லை. அதற்கு 2 என்று எண் போட்டு வரிசையில் நிற்க வைத்தார்கள்.

இதில் ஒரு சுவையான செய்தி உண்டு. 2025 மார்ச்சில் வந்த 1.21.5 பதிப்பில் ஆட்டத்தின் நிறுவனமே பன்றி, மாடு, கோழி மூன்றுக்கும் வெப்ப நில வகை, குளிர் நில வகை என்று புதுத் தோற்றங்களைச் சேர்த்தது. அத்தோடு பழைய ரோஸ் பன்றிக்கும் ஒரு வகைப்பெயர் வந்துவிட்டது: மிதவெப்ப நிலத்துப் பன்றி. இத்தனை ஆண்டு 'பன்றி' என்றாலே அதுதான் என்று இருந்தது, இப்போது மூன்றில் ஒன்று. விளையாடுகிறவர்கள் வெளியிலிருந்து பல ஆண்டுகள் செய்து காட்டிக்கொண்டே இருந்த ஒன்று கடைசியில் உள்ளேயே வந்து சேர்ந்திருக்கிறது.

ஆனால் கதை இங்கே முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டோம். இரண்டு லேப்டாப்பையும் இணைத்து ஒரே உலகத்தில் விளையாடினார்கள். ரிசோர்ஸ் பேக் போட்டது ஒன்றில் மட்டும். அந்தத் திரையில் கருப்புப் பன்றிகள் மேய்ந்தன. பக்கத்து லேப்டாப்பில் அதே இடத்தில், அதே பன்றிகள், ரோஸாக நின்றன. "அக்கா, இங்க மாறவே இல்ல!"

மாறாது. தோற்றம் என்பது பார்க்கிறவர் கணினியில் மட்டும் நடக்கிற விஷயம். உலகத்துக்கு அது தெரியாது. எந்த நிறமாக இருந்தாலும் அந்தப் பன்றியின் உயிர் 10 புள்ளிதான். அடித்தால் அதிலிருந்து விழுவது ஒன்று முதல் மூன்று துண்டு இறைச்சிதான். கருப்பாக வரைந்ததால் அதன் வாழ்க்கையில் ஒரு புள்ளிகூட மாறவில்லை.

நமக்கு இது புதிதா என்ன? விளம்பரத்தில் கருப்பு முகம், கல்லூரி விளம்பரத் தட்டியில் எல்லாத் தோல் நிறமும், மேடையில் நம் ஆள் ஒருவர். பார்க்க மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது, அந்த மகிழ்ச்சியைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. நம்மைப் போன்ற ஒரு முகத்தைத் திரையில் பார்த்து வளராத தலைமுறைக்கு அதன் மதிப்பு தெரியும். ஆனால் அது நம் திரையில் தெரிகிற மாற்றம். பேக் போடாதவன் திரையில் எல்லாம் பழையபடியே இருக்கிறது. அந்த உலகத்தில் யாருக்கு என்ன கிடைக்கும் என்று எழுதியிருக்கும் ஃபைல் வேறு இடத்தில் இருக்கிறது.

அந்த ஃபைலும் மைன்கிராஃப்ட்டில் உண்டு. 2018இல் வந்த 1.13 பதிப்பிலிருந்து டேட்டா பேக் என்று ஒன்று இருக்கிறது. ரிசோர்ஸ் பேக் தோற்றத்தை மாற்றும், டேட்டா பேக் விதியை மாற்றும். எந்த உயிரினத்திலிருந்து என்ன கிடைக்கும் என்ற பட்டியல் எல்லாம் அதில்தான். அது உலகத்தோடு சேர்ந்து இருப்பதால், அந்த உலகத்துக்குள் யார் வந்தாலும் அந்த விதிக்குக் கட்டுப்பட வேண்டும்.

பிள்ளைகளிடம் இதைச் சொன்னதும் என்ன விதியை மாற்றலாம் என்று பெரிய விவாதம். காதில் வெட்டுப் போட்ட பன்றியை வரைந்தவன்தான் முடித்து வைத்தான்: "மரகதம் குடுக்கணும். போன வருசம் பன்னி வித்துத்தான் எனக்கு நோட்டு, யூனிஃபார்ம் எல்லாம் வாங்குனாங்க." மரகதம் என்பது அந்த ஆட்டத்துக் கிராமங்களில் பணம். பன்றியின் பட்டியலில் மரகதத்தைச் சேர்த்து எழுதினோம். இந்த முறை இரண்டு லேப்டாப்பிலும் விழுந்தது. ரோஸ் பன்றி தெரிகிற திரையிலும் விழுந்தது.

வேறுபாடு தெரிவது எப்போதும் நல்லதுக்குத்தான் என்றும் நினைத்துவிடக் கூடாது. 2023இல் நாங்குநேரியில் மாணவர் மீது நடந்த தாக்குதலுக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிகளில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது அந்த அறிக்கை. அங்கேயும் வண்ணங்கள் பல உண்டு. யார் யாரோடு உட்கார வேண்டும், யாரை அடிக்க வேண்டும் என்று சொல்கிற வண்ணங்கள் அவை. வண்ணம் நல்லதா கெட்டதா என்பதை அதன் பின்னால் இருக்கிற விதிதான் தீர்மானிக்கிறது.

மைன்கிராஃப்ட் கிராமத்து ஆட்களைப் பாருங்கள். 2019இல் வந்த 1.14 பதிப்பில் அவர்களுக்கு நிலத்துக்கு ஏற்ற உடை வந்தது, தொழிலுக்கு ஏற்ற உடையும் மாறியது. அதே பதிப்பில் தொழில் பற்றிய விதியும் மாறியது. அதுவரை ஆளோடு ஒட்டி வந்த தொழில், அதற்குப் பிறகு பக்கத்தில் காலியாக இருக்கும் பணிமேடையைப் பொறுத்தது. பணிமேடையை எடுத்துவிட்டு வேறு வைத்தால், அதுவரை வியாபாரம் பண்ணாத ஆள் வேறு தொழிலுக்கு மாறலாம். சாதி வேலையைப் பிரிப்பதில்லை, வேலை செய்கிறவர்களையே பிரித்து அடுக்கி வைக்கிறது என்று அண்ணல் அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் வாதிட்டார். அதைப் படித்தவர்களுக்கு இந்த மாற்றம் எவ்வளவு பெரியது என்று புரியும்.

ஆனால் ஒரே ஓர் ஆள் மட்டும் விட்டுப்போனான். பச்சை அங்கி போட்டவன். எந்தப் பணிமேடையை வைத்தாலும் அவனுக்கு வேலை கிடையாது, வியாபாரம் கிடையாது. வரும்போதே அப்படித்தான் வருகிறான். ஆங்கிலத்தில் அவனுக்கு வைத்திருக்கும் பெயருக்கு மடையன் என்று பொருள்.

தோழர்களே, அடுத்த முறை 'பன்முகத்தன்மை' என்று யாராவது ஒரு படத்தைக் காட்டினால் மூன்று கேள்வி கேளுங்கள். இதில் எண் இல்லாத பன்றி எது? இந்த மாற்றம் யார் திரையில் மட்டும் தெரிகிறது? விதி எழுதிய ஃபைல் யார் கையில் இருக்கிறது? படம் வரைகிறவர்களும் நமக்கு வேண்டும், ஃபைலைத் திறக்கக் கற்றவர்களும் வேண்டும். நம் பிள்ளைகளில் இரண்டுக்கும் ஆள் இருக்கிறார்கள்.

இப்போது வகுப்பில் பச்சை அங்கிக்காரனுக்கான டேட்டா பேக் தயாராகிக்கொண்டிருக்கிறது. தேவைப்படுவது ஒரே ஒரு கட்டளை: அவன் தொழில் என்ற இடத்தில் இருக்கும் அந்தப் பெயரை அழித்து 'எதுவும் இல்லை' என்று எழுதுவது. அப்படி எழுதிவிட்டால் மற்றவர்களைப் போல அவனும் தானாகவே பணிமேடை தேடிப் போவான். முதலில் எந்த மேடையை அவன் பக்கத்தில் வைப்பது என்றுதான் பிள்ளைகள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நூலகர் என்று ஒரு கட்சி, கொல்லர் என்று ஒரு கட்சி.