கடைமடையில் வாழ்வோர்

நம் நாட்டின் பரப்பை உணரக் கடலூரினின்று சிதம்பரம்வரை பேருந்தில் சென்றாலே போதும். கர்நாடகத்து நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை கடலூரருகே கடல் சேர்கின்றது. குடகில் பெய்யும் மழை கொள்ளிடமாய்ச் சிதம்பரத்தின் தெற்கே வருகின்றது. இடையே, வெள்ளாறு கடல் புகும் பரங்கிப்பேட்டையில் இசுலாமிய வணிகரும் மீனவரும் அருகருகே வாழக் காண்கிறோம்.

கொள்ளிடத்து நீர் 1836இல் கட்டப்பட்ட கீழணையில் தேங்கி, வடவாறு வழியே வீராணம் சேர, அங்கிருந்து 2004 முதல் சென்னையும் குடிக்கின்றது. ஈராற்றிலும் மிஞ்சும் வெள்ளமோ கடைமடைக்கே! 2024 டிசம்பரில் சாத்தனூர் அணை திறக்கப்பட்டபோது தென்பெண்ணைக் கரையோரக் குடும்பங்கள் முகாம்களில் தங்கின.

பிச்சாவரத்து அலையாத்திக் காட்டில், சிதம்பரத்திற்குத் 'தில்லை' என்னும் பழம்பெயரைத் தந்த மரம் இன்றும் நிற்கின்றது. 2004 ஆழிப்பேரலையின் வேகத்தைத் தணித்துப் பின்னிருந்த சிற்றூர்களைக் காத்த காடு அது. அதற்கும் ஆற்று நன்னீர் வேண்டும். கோடையில் கடல்நீரே உள்ளே ஏறுகின்றது.