பந்து பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர்

ஜனவரியில் அமெரிக்காவின் டிமாயின் நகரத்துக் குளிரில் மூக்கு நுனி மரத்துப்போகும். காரை நிறுத்திவிட்டு நாப் சென்டர் அரங்கின் வாசலுக்கு நடப்பதற்குள் கண்ணில் நீர் கட்டிவிடும். கதவைத் தள்ளி உள்ளே போனால், வழவழப்பான மரத் தரையில் ஷூக்கள் கீச்சிடும் சத்தம். மயிலாப்பூரில் நாங்கள் ஆடிய கோர்ட்டில் சிமெண்ட் தரை. அங்கே ஷூ கீச்சிடாது, தேயும். மாலை நாலு மணிக்கும் வெயிலின் சூடு உள்ளங்காலில் ஏறும். ஆனால் பந்து தரையில் மோதும் சத்தம் இரண்டு ஊரிலும் ஒன்றுதான். அதற்காகவே, இங்கே வீடு வாங்குவதற்கு முன்பே டிரேக் பல்கலைக்கழக பாஸ்கெட்பால் அணியின் ஆட்டங்களுக்கு இரண்டு சீசன் டிக்கெட் வாங்கிவிட்டோம்.

பக்கத்து இருக்கையில் எழுபது தாண்டிய ஓர் அம்மாள். எந்தப் பையனுக்கு எந்த முழங்காலில் வலி, எவனுடைய பாட்டி எந்த ஊரிலிருந்து ஆட்டம் பார்க்க வருகிறாள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். முதல் வருடம் பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்களுக்குத் துண்டு நீட்டும் பையன், நாலாவது வருடம் கேப்டனாக நடுவில் நிற்பான். அந்த நாலு வருடத்தையும் கூட இருந்து பார்ப்பதுதான் அவருக்கு பாஸ்கெட்பால். இந்த ஊரில் என்னை முதலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் அவர். என் பெயரில் உள்ள 'ழ'வுக்கு அவர் பட்ட பாட்டை இன்னும் மறக்கவில்லை.

2024 மார்ச்சில் டிரேக்கின் பயிற்சியாளர் டேரியன் டெவ்ரீஸ் வெஸ்ட் வர்ஜீனியாவுக்குப் போனார். அணியின் நட்சத்திரமான அவர் மகன் டக்கரும் கூடவே போனான். அணி கலைந்தது. அந்த இடத்துக்கு பென் மெக்காலம் வந்தார். மிசௌரி மாநிலத்தின் மேரிவில் என்ற சின்ன ஊரில், இரண்டாம் பிரிவில் ஆடும் நார்த்வெஸ்ட் மிசௌரி ஸ்டேட் கல்லூரிக்கு நான்கு தேசியப் பட்டங்கள் வாங்கித் தந்தவர். அங்கே தன்னிடம் ஆடிய பையன்கள் நாலு பேரைக் கூட்டிவந்தார். அதில் ஒருவன் பென்னட் ஸ்டர்ட்ஸ். பெரிய கல்லூரிகள் எதுவும் சீந்தாத அந்தப் பையன்கள் அந்த சீசனில் 31 ஆட்டங்கள் வென்றார்கள், நாலில்தான் தோற்றார்கள். தேசியப் போட்டியின் முதல் சுற்றில் மிசௌரி பல்கலைக்கழகத்தை 67-57 என்று சாய்த்த இரவு, எங்கள் தெருவில் நள்ளிரவு வரை ஹாரன் சத்தம். அடுத்த சுற்றில் டெக்சாஸ் டெக்கிடம் தோற்று வெளியேறினோம். சில நாட்களிலேயே மெக்காலம் அயோவா பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். ஸ்டர்ட்ஸும் பின்னாலேயே போனான். தூரம் என்னவோ காரில் இரண்டு மணி நேரம்தான்.

முன்பெல்லாம் கல்லூரி மாறும் ஆட்டக்காரன் ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும். 2018 அக்டோபரில் 'டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்' என்ற பதிவேடு வந்தது. பெயரைப் பதிந்தால் போதும், எந்தக் கல்லூரியும் பேசலாம். 2021இல் ஒரு முறை மாறுபவர்கள் காத்திருக்கத் தேவையில்லை என்றார்கள். 2024இல் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றாகிவிட்டது. நடுவில், 2021 ஜூலையிலிருந்து ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025 ஜூலை முதல் கல்லூரியே அவர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம், முதல் ஆண்டில் மொத்தம் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை. தொலைக்காட்சிப் பணம் கொட்டும் பெரிய கல்லூரிகளுக்கு அது முடியும். 'மிட் மேஜர்' என்று இங்கே சொல்லப்படும் டிரேக் போன்ற நடுத்தரக் கல்லூரிகளால் அதன் பக்கத்தில்கூட வர முடியாது.

பையன்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் ஆட்டத்தை வைத்து மற்ற எல்லோரும் கோடி கோடியாகச் சம்பாதித்த காலத்தில், அவர்களுக்குக் கிடைத்ததெல்லாம் படிப்பும் தங்க இடமும் சாப்பாடும்தான். இந்தக் கதவு முன்பே திறந்திருக்க வேண்டும். ஆனால் புது சீசனின் முதல் ஆட்டத்தன்று அந்த அம்மாள் ஆட்டக்காரர் பட்டியலைப் பிரித்து, முகத்தையும் பெயரையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பொருத்திக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது, எனக்கு எங்கள் பி.டி. மிஸ் ஞாபகம் வந்துவிட்டது.

1990களில் மயிலாப்பூரின் ஒரு பெண்கள் பள்ளி. மிஸ் நந்தனம் ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரியில் படித்தவர். 1891இல் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தை உருவாக்கிய அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு பள்ளியில் படித்துவிட்டுச் சென்னைக்கு வந்த ஹாரி குரோ பக், 1920இல் தொடங்கிய கல்லூரி அது. மிஸ் எங்களைக் காலை ஐந்தரைக்கே மைதானத்துக்கு வரச்சொல்வார். பாதிப் பேருக்கு வீட்டில் காபியோடு சரி. எல்லோருக்கும் அவர் பையில் கடலைமிட்டாய் இருக்கும். எங்கள் சென்டர் நெடுநெடுவென்று வளர்ந்தவள், அப்பா மீன்பாடி வண்டி ஓட்டினார். அவள் கைக்குப் பந்து போனால் நாங்கள் பாதுகாப்புக்குத் திரும்பிவிடலாம், கூடை நிச்சயம். மண்டல அளவில் ஜெயித்த வருடத்தில், புறநகரிலிருந்து ஒரு பள்ளி ஆள் அனுப்பியது. ஃபீஸ் கிடையாது, ஹாஸ்டல் இலவசம், தினமும் முட்டை, பால். பதினொன்றாம் வகுப்புக்கு அவள் போய்விட்டாள். அந்த வருடம் முதல் சுற்றிலேயே தோற்றோம். அதற்கடுத்த வருடம் அணியே இல்லை.

சென்னையில் இதற்கு யாரும் போர்ட்டல் என்று பெயர் வைக்கவில்லை. பள்ளியிலிருந்து பள்ளிக்கு, பிறகு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கல்லூரிக்கு, கடைசியில் ரயில்வேக்கோ வங்கிக்கோ. இந்திய அணிக்குப் பத்தொன்பது வயதில் கேப்டனாகி, 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அனிதா பால்துரை வேலை பார்ப்பதும் தெற்கு ரயில்வேயில்தான். இந்த ஏணி இல்லாவிட்டால் எங்கள் ஊரில் எத்தனை பெண்கள் பத்தாம் வகுப்போடு பந்தைக் கீழே வைத்திருப்பார்கள்! ஏணி வேண்டும். கீழ்ப்படியைத் தாங்கிப் பிடித்தவர்களின் கை வலியைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

கால்பந்தில் அந்தக் கணக்கு உண்டு. ஒரு வீரனை வேறு நாட்டு கிளப் விலை கொடுத்து வாங்கினால், அந்தத் தொகையில் 5 சதவீதத்தை, அவனை 12 வயது முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துத் தர வேண்டும் என்று ஃபிஃபா விதி சொல்கிறது. அமெரிக்கக் கல்லூரிகளிலும் ஒப்பந்தம் முடியும் முன் பயிற்சியாளர் கிளம்பினால் பழைய கல்லூரிக்கு இழப்பீடு வருவது வழக்கம். பையனை வளர்த்ததற்கு மட்டும் அப்படி ஒரு விதி இல்லை. ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஒரு சிறு பங்கு கீழே இறங்கி வரட்டும் என்கிறேன். டிரேக்கிலிருந்து போனால் டிரேக்குக்கு. டிரேக்குக்கு வந்தால் மேரிவில்லுக்கு. அந்த நாலு பையன்கள் வந்த குளிர்காலத்தில் மேரிவில்லிலும் யாரோ ஒரு அம்மாள் பட்டியலை விரலால் தடவிப் படித்திருப்பாள். நாங்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தபோது அது எனக்குத் தோன்றவே இல்லை.

போன டிசம்பரில் ஊருக்குப் போனபோது மந்தைவெளியில் மிஸ்ஸைப் பார்த்தேன். முட்டி தேய்ந்து கைத்தடியோடு நடக்கிறார். கோர்ட் இருந்த இடத்தில் இப்போது பள்ளி பஸ்கள் நிற்கின்றனவாம். கபாலி கோயில் தெற்கு மாட வீதியில் வாங்கிப் போயிருந்த கடலைமிட்டாயைக் கையில் வைத்துக்கொண்டே டிரேக் கதை முழுவதையும் கேட்டார். ஃபிஃபா விதியை இரண்டு தடவை சொல்லச் சொன்னார்.

"அவ போன அன்னிக்கு உங்களுக்குக் கோபமே வரலையா, மிஸ்?"

"ராத்திரி பூரா அழுதேன்டி. காலையில எழுந்து அவளுக்கு டி.சி. எழுதி வாங்கிக் கொடுத்ததும் நான்தான்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஏழாங்கிளாஸ்ல அவளைப் பட்டினப்பாக்கம் கார்ப்பரேஷன் ஸ்கூல்லேர்ந்து நான்தானே கூட்டிட்டு வந்தேன். அங்க ஒரு மாஸ்டர் இருந்தார். பந்து பிடிக்கவே அவர்தான் கத்துக்கொடுத்திருந்தார். வாசல் வரைக்கும் வந்து அவளை என் கையில ஒப்படைச்சார்" என்றார்.

மிட்டாய்ப் பொட்டலத்தின் நூலைப் பிரித்தபடியே சொன்னார்: "அவர் பேரைக்கூட நான் கேட்டுக்கலை."