முடியாது என்று சொன்ன குமாஸ்தா

பிரெஞ்சில் படித்தவனுக்கு ஸ்பானிஷ் தூரத்துச் சொந்தம். 'சீ, சே புவேதே' என்று படித்ததுமே அர்த்தம் பிடிபட்டது: ஆம், முடியும்.

சொன்னவர் டோலோரஸ் ஹுவெர்ட்டா. கலிஃபோர்னியாவில் பள்ளி ஆசிரியை. பண்ணைக் கூலிகளின் பிள்ளைகள் பசியோடு வகுப்புக்கு வருவதைப் பார்த்தார். பாடம் நடத்துவதைவிட அவர்களைப் பெற்றவர்களைத் திரட்டுவதே மேல் என்று வேலையை விட்டார். 1962-இல் சீசர் சாவேசுடன் சேர்ந்து சங்கம் தொடங்கினார். 1965-இல் டெலானோவில் பிலிப்பினோ தொழிலாளர்கள் ஆரம்பித்த திராட்சைத் தோட்ட வேலைநிறுத்தத்தில் அந்தச் சங்கமும் சேர்ந்துகொண்டது. ஐந்து வருடம் நடந்தது. ஊர் ஊராக ஜனங்கள் திராட்சை வாங்குவதை நிறுத்தினார்கள். 1970-இல் தோட்ட முதலாளிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள்.

1972-இல் அரிசோனா போனார். அதெல்லாம் கலிஃபோர்னியாவில் நடக்கும், இங்கே முடியாது என்று உள்ளூர்க்காரர்கள் கைவிரித்தார்கள். அதற்கு அவர் கொடுத்த பதில்தான் மேலே சொன்னது.

என் உத்தியோக காலத்தில் நான் அதிகம் சொன்ன வார்த்தை 'முடியாது'. கணவரை இழந்த ஓர் அம்மா பென்ஷன் காகிதத்தோடு மூன்று தடவை வந்தார். மூன்று தடவையும் அதே பதில். நான்காம் தடவை வரவில்லை.

விதிப் புத்தகத்தை இன்னொரு முறை புரட்டிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.