அம்மாவின் அளவில் ஒரு கரவன்

லண்டனில் எங்கள் சொந்தக்காரரில் வேல்ஸ் முருகனிடம் போகாத ஆட்கள் குறைவு. இலங்கையில் பிறந்த குரு சுப்ரமணியம் 1973இல் கார்மார்தன் பக்கத்துப் பள்ளத்தாக்கு ஒன்றில் தொடங்கிய ஸ்கந்தவேல் ஆச்சிரமத்தைத்தான் அப்படிச் சொல்கிறோம். பாரிசவாதம் வந்த பிறகு அம்மா அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. ஒரே நாளில் போய் வர அவவால் ஏலாது. ஹோட்டலில் தங்கலாமென்றால், அங்கே கட்டிலும் கழிப்பறையும் எப்படி இருக்குமென்று போய்ப் பார்க்கும் வரை தெரியாது. அம்மாவுக்குத் தோதான கட்டிலையும் கழிப்பறையையும் காருக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போவோம் என்று பழைய கரவன் ஒன்றை வாங்கினோம்.

முதல் வில்லங்கம் வாசல். அம்மாவின் சக்கர நாற்காலி 63 செ.மீ. அகலம்; கரவன் கதவு அதைவிட ஒடுக்கம். கதவைப் பெருப்பிக்கச் சட்டத்தை வெட்ட வேண்டும். வெட்டிய இடத்தால் மழைத்தண்ணி இறங்கினால் சுவருக்குள் இருக்கும் மரம் உக்கிப்போகும். சறுக்குப்பலகை போடலாம் என்றான் தம்பி. உள்தளம் தரையிலிருந்து 50 செ.மீ. உயரம். ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற பாதுகாப்பான சரிவு வேண்டுமென்றால் பலகை 6 மீற்றர் நீள வேண்டும். அதை எங்கே கட்டிக் கொண்டுபோவது?

வலது கைக்கு ஒரு பிடி கிடைத்தால் அம்மா சில அடி வைப்பா. ஆகவே நாற்காலி வெளியே கரவனோடு கட்டும் கூடாரத்தில் நிற்கட்டும், அம்மா ஏறினால் போதும் என்று முடிவெடுத்தோம். தச்சுவேலை தெரிந்த மாமா 10 செ.மீ. உயரத்தில் நாலு படி செய்தார். ஒவ்வொன்றிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து மூச்சு வாங்கலாம். ஏறும்போது வலப்பக்கம் இருக்கும் கைபிடி இறங்கும்போது இடப்பக்கமாகிவிடும் என்பதால் இரு பக்கமும் பிடி. ஏறும்போது நல்ல கால் முன்னுக்கு, இறங்கும்போது ஏலாத கால் முன்னுக்கு என்பது பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்த பாடம்.

உள்ளே பிடி பூட்டுவது லேசல்ல. வெளியே அலுமினியத் தகடு, உள்ளே மெல்லிய பலகை, நடுவில் நுரை. இதுதான் கரவன் சுவர். வெறும் திருகாணி ஒரு ஆளின் பாரத்தைத் தாங்காது. உள்ளே மரச்சட்டம் ஓடும் இடத்தைத் தட்டித் தட்டிக் கண்டுபிடித்து, அதில் தடித்த பலகை அறைந்து, அதன்மேல்தான் பிடியைப் பூட்டினார் மாமா. இருக்கையையும் உயர்த்தினார். இடுப்பைவிட முழங்கால் உயர்ந்திருந்தால் அம்மாவால் எழும்ப முடியாது. மெத்தையும் இறுக்கமாக இருக்க வேண்டும், புதைந்தால் எழும்ப ஊன்ற இடமில்லை. கழிப்பறைக் கதவு திறந்தால் நிற்க இடமில்லாததால் அதைக் கழற்றிச் சீலை தொங்கவிட்டோம்.

ஓடும் கரவனுக்குள் ஆள் இருக்க இங்கே சட்டம் விடாது. அம்மா காரின் முன் சீற்றில். கரவன் இழுக்கும் கார் மோட்டார்வேயில் மணிக்கு 60 மைலுக்கு மேல் போகக்கூடாது, மூன்று தடப் பாதையில் வலக்கோடித் தடத்தில் ஏறவும் கூடாது. எம்4 வழியே லொறிகளுக்குப் பின்னால் மெல்ல ஊர்ந்தோம். வழியில் நின்ற இடங்களில் கைகொடுத்தது ரேடார் சாவி. 1981இல் தொடங்கிய திட்டம். பிரித்தானியா முழுதும் மாற்றுத்திறனாளிகளுக்கான ஆயிரக்கணக்கான கழிப்பறைகள் இந்த ஒரே சாவிக்குத் திறக்கும்.

முகாம் திடலில் புல்தரை வேண்டாம், கெட்டித்தளம் வேண்டும் என்று முன்பே சொல்லிவைத்திருந்தோம். ஈரப் புல்லில் நாற்காலியின் சின்ன முன்சில்லு புதையும். கரவன் கொஞ்சம் சரிந்து நின்றாலும் அம்மாவின் உடம்பு இடப்பக்கம் சாயும். ஒரு சில்லுக்குக் கீழே ஆப்பு வைத்து, ரசமட்டத்தில் குமிழி நடுவுக்கு வரும் வரை தம்பி முன்னும் பின்னும் நகர்த்தினான்.

முதல் படியில் நான் கையைப் பிடிக்கப் போனேன்.

"விடு பிள்ளை, பிடிக்காதை. நான் ஏறுவன்."

ஏறினா. அடுத்த நாள் காலைப் பூசைக்கு, தானே முகம் கழுவி, தானே திருநீறு பூசிக்கொண்டு இறங்கினா.

திரும்பி வரும்போது தன் தீர்ப்பைச் சொன்னா. "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. அந்தக் கக்கூசுச் சீலையைக் கழட்டிப்போட்டுக் கதவைப் போடுங்கோ. கால் கை ஏலாதெண்டால் வெக்கமும் இல்லாமப் போயிடுமே?"

மடிப்புக் கதவு ஒன்றுக்கு மாமாவிடம் அளவு கொடுத்திருக்கிறேன்.