காரைக் கடலில் ஒண்டுக் குடித்தனம்

எங்கள் திண்டுக்கல்லுக்குக் கடல் இல்லை. மலைக்கோட்டைப் பாறையை எவ்வளவு தட்டினாலும் ஒரு சிப்பிகூடக் கிடைக்காது. இந்தப் பக்கத்து மலைகளெல்லாம் 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே பூமிக்கு அடியில் வெந்து இறுகியவை. கரிக்காலி, பாளையம் பக்கம் சிமெண்டுக்காக வெட்டுகிறார்களே, அந்தச் சுண்ணாம்புக்கல்லும் அப்படித்தான். உடைத்துப் பார்த்தால் கற்கண்டு மாதிரி மினுங்கும். பழைய உயிரின் தடயம் ஏதும் அதில் தேறாது.

33 வருடம் விலங்கியல் பாடம் நடத்தியவன் நான். கிளிஞ்சல் என்றால் ராமேஸ்வரத்தில் வாங்கி வந்ததையும், வெற்றிலைச் சுண்ணாம்புக்குச் சுட்டதையும்தான் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் காட்ட முடிந்தது. ஓய்வு பெற்ற பிறகுதான் காரைக்குப் போக நேரம் வாய்த்தது. இதுவரை நான்கு முறை போய்விட்டேன்.

திருச்சியிலிருந்து சென்னை செல்லும் சாலையில் சிறுகனூர் தாண்டிக் கிழக்கே திரும்பி, தெரணி வழியாகப் போனால் காரை. பெரம்பலூர் மாவட்டம். மழை அரித்த களிமண் மேடும் பள்ளமுமாக, புல் பூண்டு அதிகம் இல்லாத வெட்டவெளி. சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் இந்த இடம்வரை ஏறி வந்திருக்கிறது. ஊட்டத்தூர், கள்ளக்குடி, கருடமங்கலம், குன்னம், அரியலூர் என்று அந்தக் கடலின் அடித்தரை இன்று வயலாகவும் சுரங்கமாகவும் கிடக்கிறது. 1953-ல் பெயர் மாற்றப் போராட்டம் நடந்த அதே கள்ளக்குடிதான். அங்கே சிமெண்டுக்காக வெட்டும் கல்லில் பவளமும் கடற்பாசியும் உறைந்திருக்கின்றன.

இதை உலகத்துக்குச் சொன்ன கதையும் பழையது. சென்னை மாகாண அரசுப் பணியில் இருந்த கே, கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் 1840களில் இங்கிருந்து சிப்பிகளைச் சேகரித்து லண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-ல் அவற்றை விவரித்து எழுதினார். பிறகு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பிளான்ஃபோர்ட் இந்த நிலத்தை நடந்து அளந்து 1862-ல் அறிக்கை தந்தார். அதன்பின் மொராவியாவிலிருந்து கல்கத்தாவுக்கு வேலைக்கு வந்த ஸ்டோலிச்கா என்ற இளைஞர், ஏறத்தாழப் பத்து ஆண்டுகளில் நான்கு பெரிய தொகுதிகளாக இந்தச் சிப்பிகளுக்கு ஜாதகம் எழுதி முடித்தார். 1874-ல் லடாக்கில் இறந்தபோது அவருக்கு வயது 36.

அந்தக் கடலில் யார் யார் இருந்தார்கள்?

நீரில் நீந்தியவர்கள் அம்மோனைட்டுகள். சுருண்ட ஓட்டுக்குள் இருக்கும் கணவாய் வகை உறவினர். பூஜை அறையில் சாளக்கிராமம் வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. கண்டகி நதியில் வரும் அந்தக் கல்லில் உள்ள சக்கரம் அம்மோனைட் ஓட்டின் சுருள்தான். அவற்றோடு பெலம்னைட்டுகளும் நீந்தின. காரைக் களிமண்ணில் துப்பாக்கித் தோட்டா போலக் கிடப்பவை அவற்றின் உள்ளோட்டு நுனிகள். நாட்டிலஸ் என்ற இன்னொரு சுருள் ஓட்டுக்காரரும் உண்டு.

தரையில் இருந்தவர்கள் பெரும்பாலும் இரட்டை ஓட்டுச் சிப்பிகள். அரியலூருக்குப் பக்கத்தில் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் கிரிஃபியா என்ற சிப்பி அடுக்கடுக்காகக் கிடைக்கிறது. கீழோடு கனமான கிண்ணம், மேலோடு அதற்கு மூடி. சேற்றில் புதைந்துபோகாமல் இருக்க அந்தக் கிண்ணமே அதற்குப் படகு. இன்னொரு சிப்பி இனோசெராமஸ். அது வேறு உபாயம் செய்தது: தட்டையாக, அகலமாக வளர்ந்து சேற்றின் மேல் தாம்பாளம்போலப் படுத்துக்கொண்டது. அதே கல்லங்குறிச்சியில் கிரிஃபியா மிகுந்த அடுக்கு வேறு, இனோசெராமஸ் மிகுந்த அடுக்கு வேறு. தரையின் பதமும் நீரின் ஓட்டமும் மாற மாற, ஒரு காலம் இவர்களுக்கு வாய்த்தது, ஒரு காலம் அவர்களுக்கு.

நம்மில் பலர் ஒண்டுக் குடித்தனத்தில் வளர்ந்தவர்கள். ஒரு முற்றம், ஒரு கிணறு, நான்கு அடுப்பு. அந்தக் கடலிலும் அதுதான் நடந்தது. சேற்றில் ஒட்டிக்கொள்ள இடம் கிடைக்காத உயிர்களுக்கு ஒரு பெரிய சிப்பியின் முதுகே தரை. குட்டிச் சிப்பி, குழாய்ப்புழு, வலைப்பின்னல் போன்ற பாசிவிலங்கு எல்லாம் அதன்மேல் குடியேறின. ஓட்டின் வெளிப்புறம் மட்டும் ஒட்டியிருந்தால் அது உயிரோடு இருந்தபோதே வந்த குடித்தனமாக இருக்கலாம். உட்புறத்திலும் ஒட்டியிருந்தால் வீட்டுக்காரர் செத்துத் திறந்து கிடந்த பிறகு வந்தது. கையில் ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் போதும், நாமே பார்த்துச் சொல்லலாம்.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

இந்தக் கடலில் இன்னொரு குடும்பமும் இருந்தது: பிராக்கியோபாட். பார்வைக்குச் சிப்பிதான், உள்ளே வேறு பிறவி. வித்தியாசம் காண்பது சுலபம். மட்டியை எடுத்தால் இரண்டு ஓடும் வலது கை, இடது கை மாதிரி ஒன்றுக்கொன்று ஜோடி. பிராக்கியோபாட்டில் மேலோடும் கீழோடும் ஒன்றுபோல் இராது. ஆனால் எந்த ஓட்டையும் நடுவே கோடு கிழித்தால் இரு பாதியும் ஒத்துப்போகும். மூக்கில் ஒரு சிறு துளை. அதன் வழியே ஒரு காம்பை நீட்டிப் பாறையைப் பிடித்துக்கொள்ளும். பழைய ரோமானிய எண்ணெய் விளக்கின் சாயல் இருப்பதால் ஆங்கிலத்தில் விளக்குச் சிப்பி என்று பெயர். ஸ்டோலிச்கா 1872-ல் தம் தொகுதியில் இவற்றுக்கும் இடம் கொடுத்தார். ஆனால் மட்டிகளின் பட்டியலுக்கு முன்னால் இவர்களின் பட்டியல் சின்னது.

முன்பு அப்படி இல்லை. 25 கோடி ஆண்டுகளுக்கு முன்வரை உலகக் கடல்களின் தரை விளக்குச் சிப்பிகளின் ராஜ்ஜியம். பாறைகளில் கிடைத்த இனங்களே 12,000-க்கும் மேல். இன்று உயிரோடு இருப்பவை சுமார் 400. மட்டி வகைகளோ இன்று 9,000 இனங்களுக்குக் குறையாது.

இரண்டும் கடல்நீரை வடிகட்டி உண்பவை. ஒரே தரை, ஒரே சாப்பாடு. ஆகவே கெட்டிக்கார மட்டி வந்து மந்தமான விளக்குச் சிப்பியை மெல்ல மெல்ல விரட்டிவிட்டது என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். கேட்க நியாயமாகவும் இருந்தது. மட்டிக்குச் சேற்றைத் தோண்ட ஒரு கால் உண்டு, ஆழத்தில் இருந்தபடி நீரை இழுக்கக் குழாய் உண்டு. விளக்குச் சிப்பி ஒட்டிய இடத்தை விட்டு அசையாது.

1980-ல் அமெரிக்காவின் ஸ்டீபன் ஜே கூல்ட், கலோவே என்ற இருவரும் கணக்குப் பார்த்தார்கள். விரட்டியது உண்மையானால், ஒன்று ஏற ஏற மற்றது இறங்க வேண்டும், இல்லையா? அப்படி இல்லை. நெடுங்காலம் இரண்டும் அவரவர் போக்கில் கூடவே பெருகி வந்திருக்கின்றன. 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் பெர்மியன் காலக் கடைசியில் வந்த பேரழிவில்தான் எல்லாம் மாறியது. எரிமலைக் குழம்பு, சூடேறிய கடல், பிராணவாயுப் பஞ்சம். கடல் இனங்களில் பத்தில் எட்டு ஒன்பது அழிந்தன. விளக்குச் சிப்பிகளுக்கு அடி பலம், மட்டிகளுக்குக் குறைவு. மட்டிகள் எழுந்து நடந்தன, இவர்களால் முடியவில்லை. 2023-ல் சீன, பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் புதிய கணக்கு முறையில் மறுபடி பார்த்தார்கள். விளக்குச் சிப்பிகளின் சரிவுக்கு மட்டிகள் காரணமல்ல என்றே விடை வந்தது.

இதை என் தாய்மாமாவிடம் ஒருநாள் சொன்னேன். அவர் நல்லாம்பட்டியில் பூட்டுப் பட்டறை வைத்திருந்தவர். மாங்காய்ப் பூட்டு, மணிப்பூட்டு எல்லாம் கையால் அறுத்து, அராவிச் செய்வார். பட்டறையை மூடி வருடம் பல ஆன பிறகும், "அலிகார்க்காரன் வந்தான், நாம போனோம். அவ்வளவுதான் மாப்ளே" என்பதுதான் அவர் பாட்டு. விளக்குச் சிப்பிக் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப அதுக்கு யார் மேலயும் கோவம் இல்லையா?" என்றார். சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார்: "பெரியவனையும் சின்னவனையும் பட்டறைப் பக்கமே வராதேன்னு விரட்டினது நான்தான். கதவுலயே பூட்டு வச்சு வருது இப்ப. தொங்குற பூட்டு யாருக்கு வேணும்?"

பூட்டுச் சந்தையில் போட்டி இல்லை என்று நான் சொல்லவில்லை. மெஷின் பூட்டின் விலைக்குக் கைப்பூட்டால் இறங்க முடியாது. ஆனால் ஒருவன் இருந்த இடத்தில் இன்னொருவன் இருக்கிறான் என்பதாலேயே அவன்தான் இவனை விரட்டினான் என்று ஆகிவிடாது. நடுவில் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது மாமா உயிரோடு இல்லை.

கடலில் பகையே இல்லை என்றும் நினைத்துவிடாதீர்கள். பகை இருந்தால் அடையாளம் இருக்கும். சில நத்தைகள் சிப்பி ஓட்டில் வட்டமாகத் துளை போட்டு உள்ளே இருப்பதைத் தின்னும். தச்சர் துளைப்பானால் போட்டதுபோல் சுத்தமான துளை. இன்றும் கடற்கரையில் பொறுக்கும் கிளிஞ்சல்களில் இதைப் பார்க்கலாம். அம்மோனைட் காலத்தில் இப்படித் துளைப்பவர்களும், ஓட்டை நொறுக்கும் நண்டுகளும் மீன்களும் பெருகின. மட்டிகள் பல சேற்றுக்குள் இறங்கித் தப்பின. அசைய முடியாத விளக்குச் சிப்பிகள் ஆழத்துக்கும் இருட்டுப் பொந்துகளுக்கும் குளிர்ந்த கடல்களுக்கும் ஒதுங்கின. லிங்குலா என்ற ஒரு பழைய கிளை மட்டும் நம் கிழக்குக் கரையில் ஒடிசா, வங்காளப் பக்கத்துச் சேற்றில் இன்றும் குழி தோண்டி வாழ்கிறது. அதற்கு ஆசை குறைவு: கொஞ்சம் சதை, கொஞ்சம் சாப்பாடு, கொஞ்சம் பிராணவாயு. பென்ஷன்காரர்களுக்கு நெருக்கமான ஜீவன்.

கடைசியாக நின்னியூர். செந்துறைப் பக்கம் உள்ள சிறிய ஊர். அரியலூர் அடுக்குகளுக்கும் மேலே, அதாவது காலத்தால் பிந்திய அடுக்கு அங்கே இருக்கிறது. கீழ் அடுக்குகளில் அம்மோனைட்டும் நாட்டிலஸும் கலந்து கிடக்கின்றன. பல கோடி ஆண்டுகள் ஒரே கடலில் இருந்தவர்கள். நின்னியூர் அடுக்கில் அம்மோனைட் இல்லை. நாட்டிலஸ் இருக்கிறது.

6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோவில் ஒரு விண்கல் விழுந்தது. நம் தக்காணத்திலும் அப்போது எரிமலைகள் குமுறிக்கொண்டிருந்தன. கடல் மேற்பரப்பில் மிதக்கும் நுண்ணுயிர்கள் பட்டுப்போயின. அம்மோனைட்டின் குஞ்சு ஒரு மில்லிமீட்டர் அளவு. மேற்பரப்பில் மிதந்து அந்த நுண்ணுயிர்களை நம்பி வளர்ந்தது. நாட்டிலஸ் ஆழத்தில் சில முட்டைகள்தான் இடும். குஞ்சு வெளிவர ஏறத்தாழ ஒரு வருடம் ஆகும், வரும்போதே இரண்டு மூன்று சென்டிமீட்டர் இருக்கும். அதுதான் நாட்டிலஸைக் காப்பாற்றியது என்று பலரும் கருதுகிறார்கள். எண்ணிக்கையில், வகையில், வேகத்தில் எல்லாம் முந்தி நின்றவர் அம்மோனைட். பிழைத்தவர் மற்றவர். நாட்டிலஸ் அம்மோனைட்டை ஜெயிக்கவும் இல்லை, விரட்டவும் இல்லை.

அரியலூர்ப் பக்கம் போகிறவர்கள் வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தையும் பாருங்கள். காரையில் கையில் எதையும் எடுத்து வராதீர்கள். எது எதன்மேல் கிடக்கிறது என்பதில்தான் கதை இருக்கிறது, எடுத்துவிட்டால் அது வெறும் கல். வெயில் கடுமை, நிழல் கிடையாது. காலை எட்டு மணிக்குள் போய்ச் சேர்ந்துவிடுங்கள், தண்ணீர் இரண்டு பாட்டிலாக எடுத்துச் செல்லுங்கள்.